அமெரிக்க பேஸ்பாலின் ஸ்பானிஷ் வர்ணனை: தனிக் கூடம் ஏன் தேவை?

அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பாலில் 30 அணிகள். மார்ச் இறுதியில் தொடங்கி செப்டம்பர் முடிய ஒவ்வோர் அணியும் 162 ஆட்டங்கள் ஆடுகிறது. கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். 2024 சீசன் தொடங்கியபோது அணிப் பட்டியல்களில் டொமினிகன் குடியரசில் பிறந்த வீரர்கள் மட்டுமே நூற்றுக்கும் மேல். அடுத்த இடம் வெனிசுவேலாவுக்கு. கியூபா, புவேர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ வீரர்கள் தனி. நாட்டின் மக்கள்தொகையிலும் 2020 கணக்கெடுப்பின்படி 6.21 கோடிப் பேர், அதாவது ஐந்தில் ஒருவருக்குச் சற்றுக் குறைவு, லத்தீன் அமெரிக்க வேர் கொண்டவர்கள். இவ்வளவு இருந்தும், ஆட்டத்தை ஸ்பானிஷில் சொல்லும் குழுவைப் பல அணிகள் இன்னும் ஒட்டுச் சதையாகவே வைத்திருக்கின்றன. வெளியூர் ஆட்டங்களுக்கு அனுப்புவதில்லை. தொலைக்காட்சியில் ஆங்கிலத்துக்காக வெட்டிய படத்தின் மேல் ஒலியை மட்டும் பூசச் சொல்கிறார்கள். செலவைக் குறைக்க வேண்டிவந்தால் கை முதலில் நீளும் இடமும் அதுதான்.

ஆனால் ரசிகர்களைத் தலைமுறை தாண்டிப் பிடித்து வைத்த ஸ்பானிஷ் ஒலிபரப்புகளை எடுத்துப் பார்த்தால் அவை எல்லாமே தனி நிகழ்ச்சியாக நடந்தவை. மைதானத்தில் சொந்த இருக்கை, சொந்தத் தகவல், யாருக்காகப் பேசுகிறோம் என்ற தெளிவு மூன்றும் அவற்றிடம் இருந்தன. இதில் ஒன்று குறைந்தாலும் எங்கே ஓட்டை விழுகிறது என்பது, வர்ணனையாளர்கள் உட்காரும் கூடத்துக்குள் நடக்கும் வேலையைப் பார்த்தால்தான் புரியும்.

பக் கனெல் முதல் ஹைமே ஹரீன் வரை

சீசன் முடிவில் சாம்பியனைத் தீர்மானிக்க ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் உலகத் தொடரை ஸ்பானிஷில் சொல்வது பழைய வழக்கம். அர்ஜென்டினாவில் பிறந்த பக் கனெல் 42 உலகத் தொடர்களுக்கு வர்ணனை செய்தவர். சவர பிளேடு விற்ற ஜில்லெட் நிறுவனம் செலவை ஏற்றுக்கொள்ள, அவர் குரல் கரீபியன் நாடுகளின் வானொலிகளில் முழங்கியது. ஆட்டம் இறுகும் நேரத்தில் ‘போய்விடாதீர்கள், இனிமேல்தான் களைகட்டப் போகிறது’ என்பார். அவரோடு நெடுங்காலம் சேர்ந்து பேசிய ஃபெலோ ராமிரெஸ் கியூபாவின் பயாமோவில் பிறந்தவர். 1993-இல் மயாமியில் மார்லின்ஸ் அணி தொடங்கியபோது அதன் ஸ்பானிஷ் குரலானார். பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் வர்ணனையாளர்களுக்கு வழங்கும் ஃபோர்டு ஃப்ரிக் விருது கனெலுக்கு 1985-இலும் ராமிரெஸுக்கு 2001-இலும் கிடைத்தது.

ஒரு சீசனின் எல்லா ஆட்டங்களையும் ஸ்பானிஷில் சொல்லும் வேலை 1958-இல்தான் தொடங்கியது. அந்த ஆண்டு புரூக்ளினிலிருந்து லாஸ் ஏஞ்சலஸுக்கு இடம்பெயர்ந்த டாட்ஜர்ஸ் அணி, கேடபிள்யூகேடபிள்யூ என்ற ஸ்பானிஷ் நிலையத்தோடு கைகோத்தது. மைக்கின் முன்னால் உட்கார்ந்தவர் நிகராகுவாவின் மனாகுவாவில் பிறந்த ரெனே கார்தெனாஸ். 1962-இல் ஹூஸ்டனில் புது அணி தோன்றியபோது அங்கேயும் ஸ்பானிஷ் ஒலிபரப்பைத் தொடங்கிவைத்தவர் அவரே.

1959-இல் அந்தக் குழுவில் சேர்ந்த ஹைமே ஹரீன் எக்வடோரின் கயாம்பேயில் பிறந்தவர். 1955-இல் அமெரிக்கா வந்து இறங்கும்வரை ஒரு பேஸ்பால் ஆட்டம்கூடப் பார்த்ததில்லை; அவர் ஊரில் கால்பந்துதான் எல்லாம். வர்ணனை வேலை அவரைத் தேடி வந்தபோது உடனே ஒப்புக்கொள்ளவில்லை. ஓராண்டு அவகாசம் கேட்டு, மேஜர் லீக்குக்குக் கீழ்நிலையான மைனர் லீக்கின் உள்ளூர் ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய பிறகே மைக்கைத் தொட்டார். இந்த ஓராண்டு முக்கியமானது. லாஸ் ஏஞ்சலஸுக்கு வந்த மெக்சிகோக்காரர்கள் எல்லோரும் பேஸ்பால் தெரிந்தவர்கள் அல்லர். மெக்சிகோவில் இந்த ஆட்டம் வேர்விட்ட மண் வடமேற்கின் சோனோரா, சினலோவா, பாஹா கலிஃபோர்னியா; அதுபோக யூக்கத்தான், வெராக்ரூஸ். ஹலிஸ்கோவிலிருந்தும் மிச்சோவகானிலிருந்தும் வந்தவர்களுக்குக் கால்பந்தே ஆட்டம். தானே புதிதாகக் கற்ற ஒருவர் பேசியதால், எந்த இடத்தில் கேட்பவர் வழிதவறுவார் என்பது ஹரீனுக்குத் தெரிந்திருந்தது. விதியை விளக்குவார், தெரிந்தவருக்கு அலுப்புத் தட்டாமல் அரை வாக்கியத்தில் விளக்கிவிட்டு ஆட்டத்துக்குத் திரும்பிவிடுவார். 1962 முதல் 1984 வரை ஒரு டாட்ஜர்ஸ் ஆட்டத்தையும் தவறவிடவில்லை. அந்தத் தொடர்ச்சி முறிந்ததற்குக் காரணமும் வேலைதான்: லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கின் ஸ்பானிஷ் வானொலிப் பொறுப்பை ஏற்றிருந்தார். 1998-இல் ஃப்ரிக் விருது; 2022-இல் 64 சீசன்களோடு ஓய்வு.

ஆரம்ப ஆண்டுகளில் வெளியூர் ஆட்டங்களுக்கு ஸ்பானிஷ் குழு போகவில்லை. நிலையத்தில் உட்கார்ந்து, அணியின் ஆங்கில வர்ணனையாளர் வின் ஸ்கல்லி சொல்வதைக் காதில் வாங்கி, ஆட்டத்தை ஸ்பானிஷில் மறுபடி உருவாக்கினார்கள். இது மிகுந்த திறமை கேட்கும் வேலை. ஒரு பந்து பின்னால் நடக்க வேண்டும். காதில் அடுத்த பந்து விழும்போது வாய் முந்தைய பந்தைச் சொல்லிக்கொண்டிருக்கும். எல்லை எதுவென்றால், ஆங்கிலக்காரர் சொல்லாத எதையும் நீங்கள் சொல்ல முடியாது. அவர் ஒரு பழங்கதையில் இறங்கிவிட்டால் உங்களுக்கு மைதானமே இருண்டுவிடும். மூன்றாவது பேஸில் (ரன் எடுக்க ஓடித் தொட வேண்டிய நிலைகளில் ஒன்று) நிற்கும் வீரர் சைகை காட்டினாரா, பந்து வீசும் பிட்சர் தோளைத் தடவினாரா என்பது ஆங்கிலக்காரர் வாயில் வந்தால்தான் உண்டு. அறுபதுகளின் நடுவில் குழு அணியோடு பயணம் செய்யத் தொடங்கிய பிறகுதான் ஸ்பானிஷ் ஒலிபரப்புக்குச் சொந்தக் கண் கிடைத்தது.

1981: கூடம் தயாராக இருந்தது

ஃபெர்னாண்டோ வாலென்சுவேலாவால் லாஸ் ஏஞ்சலஸின் லத்தீன் ரசிகர்கள் ஒரே இரவில் உருவானார்கள் என்று எழுதுவது எளிது. வரிசையைக் கவனிக்க வேண்டும். சோனோராவின் எச்சோவாகிலா என்ற சிற்றூரில் பிறந்த இந்த 20 வயது இடக்கைப் பிட்சர், 1981 சீசனின் முதல் நாளில் ஹூஸ்டனை 2–0 என்று முழு ஆட்டமும் வீசி வீழ்த்தினார். முதல் எட்டு ஆட்டங்களில் எட்டு வெற்றி. அவற்றில் ஐந்தில் எதிரணிக்கு ஒரு ரன்கூட இல்லை. வழக்கமான வளைவுக்கு எதிர்த்திசையில் திரும்பும் திருகுப் பந்து அவருடைய ஆயுதம். அதே ஆண்டில் சிறந்த புதுமுகம், சிறந்த பிட்சருக்கான சை யங் விருது இரண்டையும் பெற்றார். இரண்டும் ஒரே ஆண்டில் ஒருவருக்குக் கிடைத்தது அதுதான் முதல்முறை.

அவருக்கு அப்போது ஆங்கிலம் வராது. ஒவ்வோர் ஊரிலும் நடந்த செய்தியாளர் சந்திப்பில் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தவர் ஹரீன். அதற்குள் அவர் குரல் 22 ஆண்டுகளாக அந்நகரத்துச் சமையல்கட்டுகளிலும் பட்டறைகளிலும் தோட்டங்களிலும் ஒலித்துவிட்டிருந்தது. ஒரு மெக்சிகோ இளைஞன் வந்து நின்ற நாளில், அவனைப் பற்றிக் கேட்க எந்த அலைவரிசையைத் திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. நட்சத்திரம் வந்த பிறகு கூடத்தைக் கட்டத் தொடங்கினால் முதல் சீசன் முழுக்க ஆள் தேடுவதிலேயே போய்விடும். அந்த ஆட்டக்காரரை வேறு அணி வாங்கிப் போனால் கூடமும் காலியாகும்.

வாலென்சுவேலாவே 2003-இல் அந்தக் கூடத்துக்குள் வந்து ஸ்பானிஷ் வர்ணனையில் இணைந்தார். அணி அவருடைய 34-ஆம் எண் சட்டையை 2023-இல் நிரந்தரமாக ஒதுக்கிவைத்தது. 2024 அக்டோபர் 22-ஆம் தேதி, டாட்ஜர்ஸ்–நியூயார்க் யாங்கீஸ் உலகத் தொடர் தொடங்க மூன்று நாள் இருக்கையில், காலமானார்.

எந்த ஸ்பானிஷ்?

இந்தக் கேள்வியை விளம்பரப் பிரிவு கேட்பதில்லை. கூடத்தில் இருப்பவர் முதல் இன்னிங்ஸிலேயே எதிர்கொள்கிறார். கரீபியனில் ஆட்டத்தின் பெயரே ‘பெலோத்தா’. மெக்சிகோவில் ‘பெய்ஸ்போல்’. பேட்டர் மூன்று ஸ்ட்ரைக்கில், அதாவது அடிக்க வேண்டிய பந்தை மூன்று முறை தவறவிட்டு, வெளியேறினால் எங்கும் ‘போன்சே’ என்றால் புரியும். மெக்சிகோக்காரருக்கு ‘சோகோலாத்தே’ என்பது வீட்டுச் சொல். மூன்று பேஸிலும் ஆள் நின்றால் மற்றவர்கள் ‘பேஸ்கள் நிரம்பின’ என்பார்கள், மெக்சிகோவில் ‘வீடு நிரம்பியது’ என்பார்கள். நான்கு ‘பால்’ (அடிக்கும் எல்லைக்கு வெளியே வீசிய பந்து) வாங்கி முதல் பேஸுக்கு நடந்து போவதை மெக்சிகோ வர்ணனையாளர் ‘பாஸ்போர்ட் கொடுத்தார்’ என்பார். டொமினிகன் காதுக்கு அது அந்நியம்.

நல்ல கூடங்களில் நடைமுறை இப்படி இருக்கும். எண்ணிக்கை (பேட்டருக்கு இதுவரை எத்தனை பால், எத்தனை ஸ்ட்ரைக்), அவுட், பேஸ், ஸ்கோர் ஆகிய நான்கையும் எல்லா நாட்டவருக்கும் பொதுவான சொல்லில் மட்டுமே சொல்வது. அதில் அலங்காரம் கிடையாது. ஊர் மணம் வரும் சொற்களை அடித்த பந்துக்கும் உணர்ச்சிக்கும் ஒதுக்கிக்கொள்வது. வர்ணனையாளர் ஒரு நாட்டவராக இருந்தால் பக்கத்தில் இருக்கும் விமர்சகரை இன்னொரு நாட்டிலிருந்து எடுப்பது. சான் டியேகோவில் எல்லைக்கு அந்தப் பக்கம் திஹுவானா இருக்கிறது. அங்கே மெக்சிகோ ஸ்பானிஷ் மட்டுமே போதும். பாட்ரெஸ் அணிக்கு 1987 முதல் பேசிவரும் எட்வர்டோ ஓர்த்தேகா திஹுவானாவில் வளர்ந்தவர். நியூயார்க்கில் அதே குரல் பாதி ஊரை விலக்கிவிடும். அங்கே டொமினிகன்களும் புவேர்ட்டோ ரிக்கோக்காரர்களுமே பெரும்பான்மை. மயாமி என்றால் கியூபாவும் வெனிசுவேலாவும். நாடு முழுக்கப் போகும் ஒலிபரப்பில் இந்தச் சிக்கலைத் தாண்டியவர்களில் ஒருவர் ஸ்பானிஷ் விளையாட்டுச் சேனலான இஎஸ்பிஎன் டெபோர்ட்டெஸின் எர்னெஸ்டோ ஹெரெஸ். சாந்தோ டொமிங்கோவில் பிறந்தவர். அடித்த பந்து எல்லைச் சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாகப் பறக்கும்போது ‘இல்லை, இல்லை, இல்லை… அந்தப் பந்துக்கு இல்லையென்று சொல்லிவிடுங்கள்’ என்று அவர் இழுக்கும் வாக்கியத்தில் எந்த நாட்டுக்கும் உரிய கொச்சை இல்லை; தாளம் மட்டும் அசல் கரீபியன்.

பெயர்களை விட்டுவிடக் கூடாது. திரையில் ஓடும் பெயர்ப்பலகை ஆங்கிலத்துக்காகத் தயாரித்த தரவிலிருந்து வரும். அழுத்தக்குறிகளும் ‘ன்’ மேல் வரும் அலைக்கோடும் காணாமல்போயிருக்கும். 2016-இல் மேஜர் லீக் நிர்வாகமே சட்டைகளில் அழுத்தக்குறி போடும் இயக்கத்தைத் தொடங்கிய பிறகும், எழுத்துரு, ஸ்கோர்பலகை மென்பொருள், நேரடித் தரவு மூன்றிலும் தனித்தனியாகச் சரிபார்த்தால்தான் குறி திரைக்கு வந்து சேரும். மூன்றில் ஒன்று பழையதாக இருந்தாலும் எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் கட்டம் தெரியும்.

15 நொடிக்குள் எவ்வளவு பேசலாம்

ஓர் ஆட்டத்தில் இரு அணி பிட்சர்களும் சேர்ந்து ஏறத்தாழ 300 பந்து வீசுகிறார்கள். முன்பு பந்துக்குப் பந்து இடைவெளி தாராளம். 2023-இல், அடுத்த பந்தை வீச நேர வரம்பு வைக்கும் பிட்ச் கடிகாரம் வந்தது: பேஸில் ஆள் இல்லையென்றால் 15 நொடி, இருந்தால் 20 நொடி, பின்னது 2024-இல் 18 ஆனது. ஒன்பது இன்னிங்ஸ் ஆட்டத்தின் சராசரி நேரம் 2022-இல் 3 மணி 4 நிமிடமாக இருந்தது, 2023-இல் 2 மணி 40 நிமிடம் ஆயிற்று.

ஆங்கிலக் கூடத்தைவிட ஸ்பானிஷ் கூடத்துக்கு இது அதிகம் உறைத்தது. வேகம் மணிக்கு 95 மைல் என்பதை ஆங்கில வர்ணனையாளர் மூன்று அசையில் முடித்துவிடுவார். ஸ்பானிஷில் ‘நோவெந்தா இ சின்கோ மியாஸ்’ என்று ஏழெட்டு அசை ஓடும். எண்ணிக்கையையும் அப்படித்தான் முழுசாகச் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கில், பந்தின் வகை, எங்கே விழுந்தது, முடிவு, எண்ணிக்கை ஆகிய நான்கையும் சொல்லி முடித்தால் வானொலியில் ஆறேழு நொடிதான் மிச்சம். அதனால் கைப்பழக்கங்கள் மாறின. வேகத்தை ஒவ்வொரு பந்துக்கும் சொல்வதை விட்டு, மாற்றம் தெரியும் பந்துக்கு மட்டும் சொல்கிறார்கள். வீரரின் ஊர், குடும்பம், மைனர் லீக் நாட்கள் போன்ற கதைகளை எங்கே வெட்டினாலும் பொருள் நிற்கும் இரண்டிரண்டு வாக்கியத் துண்டுகளாக முன்கூட்டியே எழுதி வைத்துக்கொள்கிறார்கள். நீண்ட கதை ஹோம் ரன்னில் முறிந்தால் அதை எடுத்துக் கோப்பது வீண் வேலை.

வானொலியில் நேயர் எந்த நிமிடமும் உள்ளே வருவார். டாட்ஜர்ஸின் புரூக்ளின் நாட்களின் ஆங்கில வர்ணனையாளர் ரெட் பார்பர் மூன்று நிமிட மணற்கடிகாரம் ஒன்றை மேசையில் வைத்திருந்தார்; மணல் தீர்ந்ததும் ஸ்கோரைச் சொல்லிவிட்டுத் திருப்பிவைப்பார். ஸ்பானிஷ் கூடத்துக்கு இந்தப் பழக்கம் இன்னும் கூடுதலாகவே வேண்டும். நேயர்களில் பலர் வேலையிடத்தில் கேட்கிறார்கள். இரைச்சலுக்கிடையே விட்டுவிட்டுத்தான் காதில் விழும். இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஸ்கோர், இன்னிங்ஸ், அவுட், பேஸில் யார் என்ற நான்கும் வந்தாக வேண்டும்.

விளம்பரக் கணக்கும் கடிகாரத்தோடு மாறியது. ஒன்பது இன்னிங்ஸில், ஒவ்வொன்றிலும் அணிக்கு ஒன்றாக, 18 பாதிகள். இடையே 17 இடைவெளி. உள்ளூர் அணி முந்தியிருந்தால் கடைசிப் பாதி ஆடப்படாது, 16. ஒவ்வோர் இடைவெளியும் 2 நிமிடம் 15 நொடி. அதாவது மொத்தம் சுமார் 36 முதல் 38 நிமிடம். இது பெரிதாகக் குறையவில்லை. ஆட்டத்துக்குள் வாசிக்கும் விளம்பரங்களுக்கான இடம்தான் குறைந்துபோனது. ஸ்பானிஷ் வானொலி நெடுநாளாகவே பிட்சர் மாற்றம், ஹோம் ரன், திருடிய பேஸ் (பந்து அடிபடாமலே ஓடிப் பிடித்த அடுத்த பேஸ்) என்று நிகழ்வு ஒவ்வொன்றையும் ஒரு விளம்பரதாரர் பெயரில் விற்று வந்தது. இப்போது 12 நொடி வாசகத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் அடுத்த பந்து முடிந்துவிடும். ஐந்து நொடிக்குள், ஒரே மூச்சில், ஒரே பெயர் என்று எழுதித் தராத விற்பனைப் பிரிவு வர்ணனையாளரைப் பந்தைத் தவறவிடச் செய்கிறது. நேயர் நினைவில் நிற்பது தவறவிட்ட பந்துதான்.

திரையைப் பார்த்துச் சொல்வதில் என்ன கெடுகிறது

2020 பெருந்தொற்றுச் சீசனில் எல்லா மொழிக் குழுக்களும் வெளியூர் ஆட்டங்களைத் திரையைப் பார்த்தே வர்ணித்தன. ஆங்கிலக் குழுக்கள் பெரும்பாலும் பயணத்துக்குத் திரும்பின; பல ஸ்பானிஷ் குழுக்கள் திரையிலேயே நின்றுவிட்டன. ஐம்பதுகளின் காதில் வாங்கிச் சொல்லும் முறையைவிட இது மேல். ஆனாலும் அதே நோயின் சாயல் இதிலும் உண்டு: இன்னொருவர் காட்டுவதை மட்டுமே காண முடியும்.

உயர அடித்த பந்தை மைதானத்தில் இருப்பவர் பார்ப்பதில்லை; ஓடும் ஃபீல்டரைப் பார்ப்பார். அவர் வேகம் குறைந்தால் கேட்ச். முதுகைத் திருப்பிச் சுவரை நோக்கி ஓடினால் விபரீதம். திரையில் கேமரா பந்தையே துரத்துவதால் சாதாரணக் கேட்சும் ஹோம் ரன்னும் முதல் மூன்று நொடிக்கு ஒன்றுபோலவே இருக்கும். வர்ணனையாளர் குரலை உயர்த்திவிட்டு இறக்க நேர்கிறது. ஒரே ஆட்டத்தில் மூன்று முறை இப்படி நடந்தால் நேயர் அந்தக் குரலை நம்புவதை விட்டுவிடுவார். அதேபோல் முதல் பேஸிலிருந்து மூன்றாவதுக்கு ஓடுபவர் சட்டகத்துக்கு வெளியே. மாற்றுப் பிட்சர் கைசூடேற்றுவது தெரியாது. பந்து வீசும் கணத்தில் இயக்குநர் பார்வையாளர் முகத்துக்கு வெட்டினால் ஒரு பந்து முழுசாகப் போயிற்று.

பயணத்துக்குப் பணம் இல்லை என்றால் குறைந்தபட்சம் இவை வேண்டும். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உயரத்தில் இருந்து ஒன்பது ஃபீல்டர்களையும் ஒன்றாகக் காட்டும் அசையாத கேமராவின் படம், இரண்டாவது திரையில். ஆங்கில வர்ணனை கலக்காத மைதானச் சத்தம், தனி வழியில். கலந்த சத்தம் கிடைத்தால் ஸ்பானிஷ் குரலுக்கு அடியில் ஆங்கிலம் முணுமுணுக்கும். மைதான அறிவிப்பாளரின் ஒலி, ஆள்மாற்றங்களுக்காக. அங்கே இருக்கும் ஒருவரோடு இடைவிடாத குறுஞ்செய்தித் தொடர்பு. நேரடித் தரவுத் திரையைக் கண்ணுக்கு நேரே வைக்கக் கூடாது. சில சமயம் படத்தைவிடத் தரவு முந்தி வரும். பந்து பிட்சர் கையில் இருக்கும்போதே வர்ணனையாளர் வாய் முடிவைச் சொல்லிவிடும்.

தொலைக்காட்சியின் இரண்டாவது ஒலி

அமெரிக்கத் தொலைக்காட்சியில், அதே படத்தை வேறு மொழியில் கேட்க உதவும் இரண்டாவது ஒலித்தடத்துக்கு 1984-இல் அனுமதி வந்தது. அனலாக் காலத்தில் அது துணை அலையில் செல்லும் ஒற்றைத் தட ஒலி. ஸ்டீரியோ கிடையாது, தரமும் மட்டு. டிஜிட்டலில் மொழி அடையாளத்தோடு தனித் தடமாகப் போகிறது. தரம் கூடியது, சிக்கல் தீரவில்லை. ஒளிபரப்பும் சேனல், கொண்டுவரும் கேபிள் நிறுவனம், வீட்டுப் பெட்டி மூன்றும் அந்தத் தடத்தை விடாமல் கடத்த வேண்டும். பார்வையற்றோருக்கான விவரிப்பு ஒலியும் பெரும்பாலும் இதே இடத்தைத்தான் எதிர்பார்க்கிறது. ஸ்பானிஷ் இல்லாத நிகழ்ச்சியில் அமைதி கேட்கக் கூடாதென்று அதே தடத்தில் ஆங்கிலத்தையே போட்டுவிடுவார்கள். நேயர் ‘இது வேலை செய்யவில்லை’ என்று முடிவுகட்டி அமைப்பை மாற்றிவிடுவார்.

நிகழ்ச்சி முழுவதும் ஆங்கிலக் கூடத்தின் கதைக்காகவே வெட்டப்படுவது இவற்றைவிடப் பெரிய குறை. ஆங்கில விமர்சகர் பிட்சரின் முழங்கையைப் பற்றிப் பேசினால் அதற்கான மறுகாட்சி ஓடும். ஸ்பானிஷ் கூடத்துக்கு எதற்கு அந்தக் காட்சி என்றே தெரியாது. தயாரிப்பாளரின் காதுவழிக் கட்டளை ஸ்பானிஷ் வர்ணனையாளருக்கும் நேரடியாகக் கிடைத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். ஒரு ஹெட்செட் இணைப்பு மட்டுமே செலவு. இதைச் செய்யாத கூடங்கள் இன்னும் இருப்பது வருத்தம் தருகிறது.

படத்தைத் தொலைக்காட்சியிலும் குரலை வானொலியிலும் வைத்துக்கொள்வது லத்தீன் வீடுகளில் பழைய வழக்கம். டிஜிட்டல் படம் சில நொடி தாமதமாக வருவதால் சாதாரண வானொலி முந்திவிடும். செயலி வழி வானொலியோ அரை நிமிடமோ அதற்கு மேலோ பிந்திவிடும். மேஜர் லீக்கின் சொந்தச் செயலியில் படத்தின் மேல் வானொலிக் குரலைப் பொருத்திக் கேட்கும் வசதி இருக்கிறது. அதை இயக்கும் வழியை ஸ்பானிஷிலேயே, ஒலிபரப்பின் நடுவிலேயே சொல்லித்தர வேண்டும்.

வீடு, தலைமுறை, நம்பிக்கை

1971 உலகத் தொடரை பிட்ஸ்பர்க் வென்றதும் அந்த அணியின் புவேர்ட்டோ ரிக்கோ வீரர் ராபர்ட்டோ கிளெமென்டே நேரலைத் தொலைக்காட்சிப் பேட்டியில் ஆங்கிலத்துக்கு முன் ஸ்பானிஷில் பேசி, ஊரில் இருந்த பெற்றோரிடம் ஆசி கேட்டார். ஸ்பானிஷ் ஒலிபரப்பின் இயல்பான நேயர் அலகு தனிமனிதர் அல்லர், குடும்பம். தாத்தாவுக்கு ஸ்பானிஷ் மட்டும். அம்மாவுக்கு இரண்டும். பேரனுக்கு ஆங்கிலம் சரளம், ஸ்பானிஷ் காதளவு. பேரன் ஆங்கிலத்தில் பார்ப்பான் என்று கணக்குப்போட்டு ஸ்பானிஷ் ஒலியைக் குறைக்கும் அணி, மூவரும் ஒரே அறையில் பார்க்கும் மாலையைக் கணக்கில் விட்டுவிடுகிறது. அக்டோபரில் மேஜர் லீக் ஓய்ந்தாலும் இந்த வீட்டில் பேஸ்பால் ஓயாது. டொமினிகன், வெனிசுவேலா, புவேர்ட்டோ ரிக்கோ, மெக்சிகோ குளிர்கால லீக்குகள் ஜனவரி வரை. பிப்ரவரியில் கரீபியன் தொடர். டொமினிகன் லீக்கின் லீசே அணியோ ஆகிலாஸ் அணியோ ஆடும் இரவில் மேஜர் லீக் அணியின் சமூக ஊடகக் கணக்கு உறங்கிக்கொண்டிருந்தால், ஏப்ரலில் அது எழுப்பும் உற்சாகம் எடுபடாது.

வீரர்கள் தரப்பில் ஒரு நல்ல மாற்றம் தாமதமாகத்தான் வந்தது. 2016 முதல் ஒவ்வோர் அணியும் முழுநேர ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர்கள் இருவரை வைத்திருக்க வேண்டும். அதற்காகத் தொடர்ந்து வாதாடியவர்களில் புவேர்ட்டோ ரிக்கோ வீரர் கார்லோஸ் பெல்ட்ரானும் ஒருவர். ஆட்டம் முடிந்த பேட்டியில் கேள்வி, பெயர்ப்பு, பதில், மறுபெயர்ப்பு என்று போனால் 90 நொடியில் ஒரு பதில்தான் தேறும். ஸ்பானிஷ் செய்தியாளர் நேரடியாகக் கேட்டால் மூன்று தேறும்.

மெக்சிகோ மரபுநாள், ஸ்பானிஷ் எழுத்துச் சட்டை, மைனர் லீக்கில் 2018-இல் 33 அணிகளோடு விரிந்த, அணிகள் ஸ்பானிஷ் பெயரில் ஆடும் ‘கோப்பா தெ லா திவெர்சியோன்’ விழா ஆட்டங்கள் இவையெல்லாம் பயனுள்ளவைதான். நியூ மெக்சிகோ அணி மரியாச்சி என்ற பெயரில் ஆடிய ஆட்டங்கள் ஊர்த் திருவிழாவாகவே மாறின. ஆனால் விழாக்கள் மட்டும் நம்பிக்கையைத் தேடித் தருவதில்லை. டாட்ஜர்ஸ் மைதானம் நிற்கும் சாவேஸ் ராவினில் ஐம்பதுகளில் மெக்சிகோ அமெரிக்கர்களின் மூன்று குடியிருப்புகள் இருந்தன. பொது வீட்டுவசதித் திட்டத்துக்கென்று நகரம் நிலத்தை எடுத்தது. திட்டம் கைவிடப்பட்டு நிலம் அணிக்குப் போனது. 1959 மே மாதம் கடைசிக் குடும்பங்களைக் காவலர்கள் தூக்கி வெளியேற்றினார்கள். 1962-இல் மைதானம் திறந்தது. அந்த ஆறாத மண்ணில் ரசிகர்களைச் சேர்த்த பெரிய சக்தி தினமும் அவர்கள் மொழியில் பேசிய ஒரு குரல்தான் என்பது என் உறுதியான எண்ணம். 2025 ஜூனில் லாஸ் ஏஞ்சலஸில் குடியேற்றச் சோதனைகள் நடந்தபோது இதே ரசிகர்கள் அணி வாய்திறக்கவில்லை என்று கொதித்தார்கள். ஜூன் 20-ஆம் தேதி பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்கு 10 லட்சம் டாலர் என்று அணி அறிவித்தது. அத்தகைய வாரத்தில் ஸ்பானிஷ் கூடத்தில் இருப்பவருக்கு நேயரின் கேள்விகள் நேரடியாக வந்துசேரும். நிர்வாகத்தின் நிலை என்ன, மைதான வாசலில் பாதுகாப்பு எப்படி, வாங்கிய டிக்கெட்டைத் திருப்ப முடியுமா என்ற மூன்றுக்கும் அன்றைய ஒலிபரப்பு தொடங்கும் முன் விடை தர வேண்டும்.

கணக்கில் வராத நேயர்

இரண்டாவது ஒலித்தடத்தில் கேட்பவர் வழக்கமான தொலைக்காட்சி மதிப்பீட்டில் அந்தச் சேனலின் பார்வையாளராக மட்டுமே பதிவாகிறார். எந்த மொழியில் கேட்டார் என்பது பொதுவாகப் பிரிந்து வருவதில்லை. அதனால் விற்பனைப் பிரிவிடம் காட்ட எண் இல்லை. எண் இல்லாததால் விலை இல்லை, விலை இல்லாததால் பயணப்படி இல்லை. சில ஊர்களில் நிலையம் அணிக்கு உரிமைத்தொகை தருவதற்குப் பதில் அணியே நிலையத்திடம் நேரத்தை வாங்கி, விளம்பரத்தையும் தானே விற்கிறது. அங்கே ஸ்பானிஷ் ஒலிபரப்பின் ஆயுள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாக எழுதப்படுகிறது. 24 மணிநேர இஎஸ்பிஎன் டெபோர்ட்டெஸ் வானொலியே 2019 செப்டம்பரில் மூடப்பட்டபோது பல நகரங்களில் விளையாட்டுக்கென்று இருந்த ஸ்பானிஷ் அலைவரிசை கைவிட்டுப்போனது.

செயலி வழி ஒலியில் இந்தக் குருட்டுப்புள்ளி இல்லை. எத்தனை பேர் ஸ்பானிஷ் தடத்தைத் தொட்டார்கள், எந்த இன்னிங்ஸில் விலகினார்கள், எந்த ஊர் என்பதெல்லாம் பதிவாகும். உள்ளூர் ஆட்டத்தையும் வெளியூர் ஆட்டத்தையும் தனித்தனியாகப் பிரித்து, கேட்ட நேரத்தை ஒப்பிட வேண்டும். குழு மைதானத்தில் இருந்த நாட்களுக்கும் திரையைப் பார்த்துச் சொன்ன நாட்களுக்கும் இடையே இடைவெளி தெரிந்தால், அந்த இடைவெளியை விளம்பர விலையில் பெருக்கி, இரண்டு பேருக்கான விமானச் செலவு, விடுதிச் செலவோடு வைத்துப் பார்க்கலாம். அணியின் தனி விமானத்தில் இரண்டு இருக்கை ஒதுக்கினால் அந்தச் செலவிலும் பெரும்பகுதி குறைந்துவிடும்.